இருசப்பன் தொட்ட படகு

நல்லவாட்டில் இருசப்பனிடம் கையில் இருந்த வேலையைப் பறிகொடுக்காத ஆள் கிடையாது. திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதன். முப்பத்தைந்து வயது, பாதிப் பங்கில் ஒரு ஃபைபர் படகு, தேவி என்று வாய் நீளமான மனைவி, மூன்றாம் வகுப்பில் அருள்மொழி என்று ஒரே மகள். அவனுக்கு இருப்பது ஒரே ஒரு வியாதி. அடுத்தவர் ஒரு வேலை செய்யும்போது பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியாது.

யாராவது கரையில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். வழியோடு போகிறவன் போகலாம் அல்லவா? போகமாட்டான். "குடு இப்டி" என்று வாங்கிக்கொள்வான். கல்யாண வீட்டில் சாம்பார் ஊற்றுகிறவரிடம் வாளியைப் பிடுங்கியிருக்கிறான். வீட்டு மிக்ஸி நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, சத்தம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது என்று கழற்றிப் பூட்டினான். பூட்டி முடித்ததும் கையில் ஒரு திருகாணி மிஞ்சியது. அன்றிலிருந்து அந்த மிக்ஸி மூன்றாம் வேகத்தில் வைத்தால் மட்டும் ஓடுகிறது. தேவி சட்னி அரைக்கப் போனால் தேங்காய்ப் பால் வருகிறது.

போன வருடம் பள்ளியில் 'என் வீடு' என்று ஒரு மாடல் செய்துவரச் சொன்னார்கள். இருசப்பன் நான்கு நாள் கடலுக்குப் போகாமல் தெர்மாகோலை அறுத்தான். மாடி, மாடிக்குப் படிக்கட்டு, சுவிட்சைத் தட்டினால் எரிகிற சின்ன பல்பு, சொந்த வீட்டில் இல்லாத டைல்ஸ் போட்ட கழிவறை. முதல் பரிசு அருள்மொழிக்குக் கிடைத்தது. அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியவனும் அவன்தான். அதில் பெயர் போட்டிருந்த பிள்ளைக்குப் பசை டப்பாவைத் தொடக்கூட அனுமதி இருக்கவில்லை. "வீணாக்கிடுவ பாப்பா, தள்ளி நின்னு பாரு" என்று நான்கு நாளும் அவளைத் தள்ளியே நிறுத்தியிருந்தான். பிள்ளையும் நின்றது. ஆனால் உள்ளுக்குள் எழுதி வைத்துக்கொண்டது.

இந்த ஏப்ரலில் மூன்றாம் வகுப்புக்குப் புதிதாக ஆரிபா டீச்சர் வந்தார். பாகூரில் மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பெண். தினமும் தவளக்குப்பம் வழியாக ஸ்கூட்டியில் வருவார். அவர் பாடம் நடத்தும் விதம் தனி. முதலில் ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பிரித்து, ஒவ்வொரு படத்தையும் எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும்படி மெதுவாகத் திருப்பிக் காட்டி வாசிப்பார். பிறகு, கதையில் வருகிறவர்களுக்கு என்ன தேவையோ அதை வகுப்பே உட்கார்ந்து கட்ட வேண்டும்.

முதலில் எடுத்த கதையில் பத்து எலிக்குட்டிகள். மழை பெய்து வளைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அக்கரையில் இருக்கிற மாமா வீட்டுக்குப் போயாக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எலிகள் சண்டை போடுகின்றனவே தவிர வழி கண்டுபிடிக்கவில்லை. எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பது கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் டீச்சர் கிளிப் போட்டு மூடிவிட்டார்.

"அது அப்புறம். முதல்ல நீங்க அந்த எலிங்கள அக்கரைக்குக் கொண்டு போங்க."

பாகூர் ஏரிக்கரையிலிருந்து ஒரு பை களிமண் கொண்டுவந்து, ஆளுக்குப் பத்து எலி பிடிக்கச் சொன்னார். சணல் வால் வைத்த எலிகள். களிமண் என்பதால் நல்ல கனம். பரிசோதனைக்கு, மீன் விற்கிற தேவி தன் அன்னக்கூடைகளில் பெரியதாக ஒன்றைக் கொடுத்தாள். அகலமான அலுமினியப் பாத்திரம். அதில் தண்ணீர் நிரப்பி வகுப்பின் நடுவில் வைத்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் மூன்று விதிகளைச் சொன்னார். கடையில் வாங்கிய பொருள் கூடாது. படகு பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது. பெரியவர்கள் கை படக் கூடாது. மூன்றாவது விதியை அவர் பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இருசப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாத்துக்கு என்னப் பாக்கறீங்க?" என்றான் அவன். "எங்க ஊரு புள்ளைங்களுக்குப் படகு செய்யச் சொல்லித் தரணுமா? கண்ண மூடினு செய்யும்."

செய்தன. அத்தனையும் முழுகின. பால் கவர் படகு, பாக்குமட்டைத் தட்டுப் படகு, தண்ணீர் பாட்டிலை இரண்டாக வெட்டிய படகு, எல்லாமே நான்காவது எலியிலோ ஐந்தாவது எலியிலோ கவிழ்ந்தன. பிள்ளைகளுக்கு ஏகக் கொண்டாட்டம். திரும்பச் செய்தார்கள். யாருடையது எத்தனை முறை முழுகியது என்று சண்டை வந்ததால், டீச்சர் சுவரில் ஒரு மஞ்சள் அட்டையை ஒட்டினார். இருபத்திரண்டு பெயர்கள். மேலே தலைப்பு: 'என் படகு எத்தனை முறை மூழ்கியது?' ஒவ்வொரு தடவைக்கும் பெயருக்கு நேராக ஒரு கோடு.

அந்த அட்டைதான் ஊரைக் கலக்கியது.

கடலுக்குப் போகிற வீடுகளில் படகைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். காகிதப் படகாக இருந்தாலும் சரி, கனவில் வந்த படகாக இருந்தாலும் சரி. இங்கே என்னடா என்றால் பிள்ளைகளின் பெயரை எழுதி, பக்கத்திலேயே அந்த வார்த்தையையும் எழுதி, கோடு வேறு போட்டு வைத்திருக்கிறார்கள். குழாயடியில் இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை. யாராவது போய் டீச்சரிடம் சொல்ல வேண்டும். யார் போவது? விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கியிருந்தது. இருசப்பனின் சின்னப் படகுக்கு அந்தக் கவலை இல்லை என்றாலும் அதன் இன்ஜின் பழுது பார்க்கப் போயிருந்தது. பள்ளிக் குழுவில் உறுப்பினர் வேறு. போதாதா?

கையை வீசிக்கொண்டு போனால் நன்றாக இருக்காது என்று ஸ்பேனரோடு போனான். பள்ளிக் குழாயைச் சரிசெய்ய வந்ததாகச் சொன்னான். குழாய் ஒழுகவில்லை. அவன் கழற்றிப் பூட்டியபின் ஒழுகத் தொடங்கியது.

ஜன்னல் வழியாக அட்டையைப் பார்த்தான். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு கோடு, மூன்று கோடு. அருள்மொழி என்ற பெயருக்கு நேராக ஆறு. விரல் விட்டு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான்.

டீச்சர் வெளியே வந்ததும், "ஒரு விஷயம் டீச்சர்" என்று ஆரம்பித்தான். "அந்த அட்டைல ஒரு வார்த்த போட்டுருக்கீங்க. எங்க ஊர்ல படகுன்னா அத சொல்ல மாட்டோம்."

"எந்த வார்த்தைண்ணா?"

"அதான் டீச்சர். அந்த வார்த்த."

"எதுன்னு சொன்னாதானே தெரியும்?"

சொல்ல முடியாது என்பதுதானே விஷயமே. இருசப்பன் உள்ளங்கையைக் குழித்துப் படகாக்கி, மெல்லக் கவிழ்த்துக் காட்டினான். டீச்சரின் முகம் மாறிவிட்டது.

"ஐயையோ! எனக்குத் தெரியவே தெரியாதுண்ணா. நான் ஏரியப் பாத்து வளந்தவ. இருங்க, இப்பவே எடுத்துடறேன்."

அவர் உள்ளே போய் அட்டையில் கை வைத்ததுதான் தாமதம், மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர், எடுக்காதீங்க!"

அருள்மொழிதான். எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "எனக்கு ஆறு கோடு இருக்குது டீச்சர். கிளாஸ்லயே நான்தான் நெறைய. அத எடுத்துட்டா நான் ஆறு தடவ செஞ்சேன்னு யாருக்குத் தெரியும்?"

டீச்சர் இருசப்பனைப் பார்த்தார். இருசப்பன் ஸ்பேனரைப் பார்த்தான். ஊரின் சார்பில் பேச வந்தவன், குழாய்க்கு வாஷர் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். அட்டை சுவரிலேயே இருந்தது.

அவனுக்கு அந்த வார்த்தை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குத்தியதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மாதம், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு அலை அவன் படகைப் புரட்டிப் போட்டது. அவனும், படகில் மறுபாதிப் பங்குக்காரனான மச்சான் பாக்யராஜும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாதம் அவன் அலைப் பக்கமே போகவில்லை. அப்போது ஆறு வயதாக இருந்த அருள்மொழியிடம், படகுக்கு பெயிண்ட் அடிக்கிறோம் என்று சொல்லிவைத்தான். தேவிக்கு நடந்தது தெரியும். தெரிந்தும் அவளும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மிக்ஸி விஷயத்தில் வருடக்கணக்காக வாயை மூடாத தேவி, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை.

மகள் பெயருக்கு நேராக ஏழாவது கோடு விழக் கூடாது. இருசப்பன் அன்றைக்கு நினைத்தது இது ஒன்றைத்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, பெருக்குகிற அம்மா கதவைத் திறந்ததும், குழாய் வேலை பாக்கி இருப்பதாகச் சொல்லி உள்ளே போனான். அலமாரியில் பெயர் எழுதிய சீட்டோடு அருள்மொழியின் படகு இருந்தது. காய்ந்த தென்னம்பாளை. விரிசலில் களிமண்ணை அப்பி, மேலே மெழுகை உருக்கி ஊற்றி, ஓரத்தில் ஈர்க்குச்சிகளை வரிசையாகக் கட்டியிருந்தாள். ஆறு தடவை முழுகி எழுந்த அலங்கோலம்.

விரிசலை மட்டும் அடைத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் ஆரம்பித்தான். படகுக்குப் பூசுகிற ரெசின் கொஞ்சம் பையில் இருந்தது. எப்படி அதில் வந்தது என்று கேட்காதீர்கள். பூசியதும், அடி சமமாக இல்லையே என்று பட்டது. வலையில் கட்டுகிற ஈயக்குண்டு நான்கை அடியில் வரிசையாகப் பதித்தான். அதுவும் எப்படியோ பையில் இருந்தது. ஈயம் தெரியக் கூடாதே என்று அதன்மேல் இன்னொரு பூச்சு. பூச்சு பளபளத்தது, அப்படியே விட்டால் சந்தேகம் வரும் என்று அதன்மேல் களிமண்ணைத் தேய்த்தான். கடைசியாக, அவள் கட்டியிருந்த ஈர்க்குச்சிகளையும் அவிழ்த்து நேராகக் கட்டினான். வெளியே வரும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பதினோரு மணிக்குப் படகை விட்டார்கள். இருசப்பன் ஜன்னலுக்கு வெளியே குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். ஐந்து எலி. ஆறு. ஏழு. வகுப்பே சுற்றி நின்று எண்ணியது. பத்தாவது எலி ஏறி உட்கார்ந்தும் படகு அசையவில்லை. ஓவென்று கத்தினார்கள்.

அருள்மொழி கத்தவில்லை. குனிந்து படகின் பக்கத்தில் மூக்கை வைத்தாள்.

"டீச்சர், ரெசின் வாசன அடிக்குது."

மலை ஊராக இருந்தால் தப்பித்திருப்பான். நல்லவாட்டில் ரெசின் வாசனை தெரியாத பிள்ளை உண்டா? மற்ற இருபத்தொரு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து முகர்ந்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். இருசப்பன் மும்முரமாகக் குழாயைத் திருகினான்.

அருள்மொழி அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். "இது எங்கப்பா படகு டீச்சர். என் பேர்ல சேக்காதீங்க" என்றாள். பிறகு, மூலையில் கிடந்த பாளைகளில் புதிதாக ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் அவனோடு பேச்சு இல்லை.

"அம்மா, அப்பாவச் சாப்ட சொல்லு." "அம்மா, அப்பா என் செருப்பு மேல நிக்கறாரு, நவுரச் சொல்லு." எல்லாம் தேவி வழியாகத்தான். தேவியும் விடவில்லை. "ஊர்ல இருக்கிறவன் கைல புடுங்கின, சரி. பெத்த புள்ள கைலயுமா புடுங்குவ? நல்லா வேணும்யா உனக்கு."

மூன்று நாள். இருசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று அவள் போகிற வருகிற பக்கமெல்லாம் திரும்பினான். கைக்கு வேலை கொடுத்தாலாவது மனசு ஆறும் என்று கதவுத் தாழ்ப்பாள், ஃபேன், சைக்கிள் செயின், மிக்ஸி என்று வரிசையாகக் கழற்றிப் பூட்டினான். மிக்ஸி இரண்டாம் வேகத்திலும் ஓட ஆரம்பித்தது. மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடலில் அன்றைக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை என்று பாக்யராஜிடம் சொன்னான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

நான்காம் நாள் பள்ளிக்குப் போனான். ஸ்பேனர் இல்லாமல் போனான்.

"டீச்சர், நீங்க கொஞ்சம் அவகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட பேசச் சொல்லி."

"நான் சொன்னா அது நான் சொன்னதா போயிடும்ணா. நீங்களே கேளுங்க" என்று டீச்சர் கழன்றுகொண்டார்.

வகுப்பு வாசலில் குந்தினான். இருபத்தொரு பிள்ளைகள் வேடிக்கை பார்த்தன. "பாப்பா, தப்புதான். உன்னுதுல நான் கை வெச்சிருக்கக் கூடாது" என்றான்.

அருள்மொழி சணல் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கியபடியே யோசித்தாள். நியாயமான பிள்ளை, சட்டென்று மன்னிக்கிற ரகம் இல்லை.

"உள்ள வந்து குந்து. கைய பின்னாடி கட்டிக்கோ. வாய தொறக்கக் கூடாது."

அப்படியே உட்கார்ந்தான். அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க, தினமும் ஒரு மணி நேரம். அவன் வாழ்க்கையில் பட்ட தண்டனைகளில் அதுதான் பெரிது. எலிகளை எல்லாம் ஒரே பக்கம் ஏற்றுகிறாள், அவனுக்குத் தெரிகிறது. சொல்லக் கூடாது. படகு கவிழ்கிறது. ஏழாவது கோடு. முடிச்சைத் தவறான இடத்தில் போடுகிறாள்; அவனுக்கு விரல் துடிக்கிறது. தொடக் கூடாது. எட்டாவது கோடு. ஒரு சமயம் தாங்கமுடியாமல் "ம்ம்" என்று முனகிவிட்டான். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்து "உஷ்!" என்றார்கள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு அழுத்திக்கொண்டான். ஒன்பது, பத்து, பதினொன்று.

பார்த்துக்கொண்டே இருந்ததில் அவனுக்கு ஒன்று தெரிந்தது. படகு முழுகும் ஒவ்வொரு தடவையும் அவன்தான் பதறுகிறான். அவள் தண்ணீருக்குள் கையை விட்டு, படகை எடுத்து, திருப்பிப் பார்த்து, "ஓ, இங்கயா" என்கிறாள். முகத்தில் பயமே இல்லை. இந்தப் பிள்ளைக்கு இது யார் சொல்லிக் கொடுத்தது என்று யோசித்தான். தான் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அவள் இரண்டு பாளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் மூன்று ஈர்க்குக் கட்டுகளைக் குறுக்கே போட்டு, ஒன்றாகக் கட்டித் தண்ணீரில் விட்டாள். இருசப்பன் வாயைப் பிளந்தான். ஒரே பாளையை எப்படி நிமிர்த்துவது என்றே அவன் யோசித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது பாளை அவன் மூளையில் வரவேயில்லை. இந்தப் பக்கம் ஐந்து எலி, அந்தப் பக்கம் ஐந்து எலி. ஆடியது, சாய்ந்தது, பிறகு நின்றது. டீச்சர் கிளிப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அதில் எலிகள் ஒரு பூசணிக்காய் ஓட்டில் போயிருந்தன. "நம்மளுதுதான் டீச்சர் பெட்டரு" என்று வகுப்பே தீர்ப்புச் சொன்னது. இருசப்பன் கைதட்ட வேண்டும் என்று கையை எடுத்தான். எடுக்கலாமா என்று மகளைப் பார்த்தான். அவள் தலையசைத்த பிறகுதான் தட்டினான்.

மாலையில் இருவரும் கரையோரமாக வீட்டுக்கு நடந்தார்கள். அவனுடைய படகு மணலில் மேடேறிக் கிடந்தது. அருள்மொழி அதன் பக்கத்தில் நின்று, அடிப்பக்கத்தில் ஒட்டுப் போட்டிருந்த இடத்தைத் தடவினாள். ஒட்டைப் பார்த்தால் காரணம் தெரிகிற அளவுக்கு அவள் இப்போது தேறியிருந்தாள்.

"இது எத்தினி தடவ முழுகிச்சிப்பா?"

பெயிண்ட் அடித்த கதையைத் திரும்பச் சொல்லலாம் என்று நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அதில் கோடு போடக் காத்திருக்கிற ஆர்வம் மட்டும்தான் இருந்தது.

"ஒரு தடவ" என்றான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வாயால் சொன்னான்.

"ஒண்ணு தானா?" அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "எனக்குப் பதினொண்ணு. அப்புறம் நீ எப்டி சரி பண்ண?"

"நான் எங்க பண்ணேன்? எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிக்கினு இருந்திச்சி. மணல்ல குந்திட்டேன். உங்க பாக்யராஜ் மாமா, பக்கத்து படகு அந்தோணிசாமி அண்ணன், இன்னும் ஒரு இருவது பேரு தண்ணில எறங்கி இழுத்தாந்து போட்டாங்க. ஒட்டுப் போட்டதும் அவங்கதான். நான் சும்மா பாத்துக்கினு இருந்தேன்."

அருள்மொழி புருவத்தைச் சுருக்கினாள். மற்றவர்கள் கை வைத்த படகு. விதிப்படி பார்த்தால் செல்லாது. அப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், கடலை ஒரு தடவை பார்த்தாள்.

"சரி, பரவால்ல" என்றாள். "கடல்ல தானே. அதுக்கு ஆளு சேத்துக்கலாம்."